மவுண்ட் வெர்னனின் கொல்லைப்புறம்

2001-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த பண்ணையில் ஓர் எருக்கொட்டகையைப் புதிதாகக் கட்டி முடித்தார்கள். சுவர் கிடையாது. ஒரு கூரை, அதைத் தாங்கத் தூண்கள், அடியில் கூழாங்கல் பாவிய பள்ளம். நீளம் 31 அடி, அகலம் 12 அடி. லாயத்துச் சாணத்தையும் சமையற்கட்டுக் கழிவையும் கொட்டி மட்கவைக்க 1787-இல் வாஷிங்டன் கட்டிய கொட்டகையின் மறுபிறப்பு இது. தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டிப் பழைய கல்தளத்தை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் மேலே தூண்கள் ஏறின.

வாஷிங்டனுக்கு எருவின்மேல் பெரிய மதிப்பு உண்டு. தொட்டதையெல்லாம் எருவாக்கத் தெரிந்த பண்ணை மேலாளர் வேண்டும், பொன்னாக்குவதற்கு அதுவே முதற்படி என்று 1785-இல் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். புகையிலை விளைத்து விளைத்து மண் செத்துப்போன வெர்ஜீனியாவில் இது வேடிக்கைப் பேச்சல்ல. ஆனால் அவருடைய வீட்டைக் காப்பாற்றப் புறப்பட்ட முதல் தலைமுறையிடம் போய், "மாளிகையோடு எருக்குழியையும் காப்பாற்றுங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாளிகைக்கும் எருக்கொட்டகைக்கும் இடையில் கிட்டத்தட்ட நூற்று நாற்பது ஆண்டுகள் ஓடின. அந்தக் காலத்தில் எது பாதுகாக்கத் தக்கது என்ற எண்ணம் எப்படியெல்லாம் மாறியது என்பதைப் பார்க்க மாளிகையைவிட அதன் கொல்லைப்புறமே நல்ல இடம்.

மவுண்ட் வெர்னன், தலைநகர் வாஷிங்டனுக்குத் தெற்கே ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தொலைவில், போட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. 1799-இல் வாஷிங்டன் இறந்தபோது அது சுமார் 8,000 ஏக்கர் பரப்பு. ஐந்து பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நடுநாயகமாக மாளிகை. அதன் இரு தோள்களிலிருந்தும் வளைந்து செல்லும் தூண் நடைகள். ஒன்றின் முடிவில் சமையற்கட்டு, மற்றொன்றின் முடிவில் விருந்தினரோடு வரும் பணியாட்கள் தங்கும் கூடம். அங்கிருந்து வடக்கேயும் தெற்கேயும் இரண்டு சந்துகள். அவற்றின் ஓரமாகப் பண்டகசாலை, இறைச்சியைப் புகையூட்டும் அறை, சலவைக்கூடம், வண்டிக்கொட்டகை, செங்கல் லாயம், நூல் நூற்கும் வீடு, உப்பறை, தோட்டக்காரன் வீடு, மேற்பார்வையாளன் வீடு. தள்ளி ஆற்றுச் சரிவில் குளிர்காலப் பனிக்கட்டியைக் கோடைவரை வைத்திருக்கும் நிலவறை. தோட்டத்து மூலைகளில் கழிப்பறைகள்.

இவை அலங்காரத்துக்கு நின்றவை அல்ல. உப்பறை நிறைந்திருந்தால்தான் வசந்தத்தில் போட்டோமாக்கில் ஏறிவரும் ஹெர்ரிங் மீனைக் கருவாடாக்க முடியும். அந்தக் கருவாடுதான் அங்கே உழைத்த அடிமைகளின் படியளப்பில் முக்கியப் பகுதி. புகையறையில் தொங்கிய பன்றித் தொடைகளைப் பீப்பாயில் அடைத்து 1786-இல் பிரான்சிலிருந்த போர்த்தோழர் லஃபாயெட் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு அதில் பெருமை. சலவைக்கூடத்தில் 1799-இல் வீனா, டோல்ஷி என்ற இரண்டு அடிமைப் பெண்கள் வாரத்தில் ஆறு நாள் துணி வெளுத்தார்கள். கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் சுமப்பதும் விறகு எரிப்பதும் கொதிக்கும் அண்டாவைக் கிளறுவதும் அவர்கள் வேலை. மாளிகையில் தங்கிய விருந்தாளிகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் இந்தச் சின்ன அறை வழியாகத்தான் போய்வந்தது.

வாஷிங்டனுக்குப் பின் மாளிகையும் ஒரு பகுதி நிலமும் அண்ணன் தம்பி வழி வாரிசுகளுக்குப் போயின. கடைசி உரிமையாளர் ஜான் அகஸ்டின் வாஷிங்டனிடம் அதைப் பராமரிக்கப் பணம் இல்லை. மத்திய அரசும் வாங்கவில்லை, மாநில அரசும் வாங்கவில்லை. ஆற்றைப் பார்த்த முகமண்டபம் சாயாமலிருக்கக் கப்பல் பாய்மரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் தென்கரோலைனாவைச் சேர்ந்த ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற பெண்மணி, 1853-இல் தென்மாநிலப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். 1858-இல் 2 லட்சம் டாலருக்கு மாளிகையையும் சுமார் 200 ஏக்கரையும் வாங்க ஒப்பந்தமாயிற்று. 1860 பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்தநாளன்று, மவுண்ட் வெர்னன் மகளிர் சங்கம் அதைக் கையில் எடுத்தது. இன்றுவரை அந்தச் சங்கமே நடத்துகிறது. அரசுப் பணம் வாங்குவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் நினைவுச்சின்னப் பாதுகாப்பு என்ற இயக்கமே இங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள், அது மிகையில்லை.

1874-இல் சங்கத்திலிருந்து விடைபெறும்போது கன்னிங்ஹாம் விட்டுச்சென்ற கட்டளை பிரசித்தம்: இந்தப் பெரிய நாட்டில் ஓர் இடமாவது மாற்றத்திலிருந்து காப்பாற்றப்படட்டும். ஆனால் 'மாற்றக்கூடாத இடம்' என்று அவர் மனத்தில் இருந்தது மாளிகையும் கல்லறையும்தான். கொல்லைக் கட்டடங்களைப் பற்றி அத்தனை கண்டிப்பு இல்லை. ஊழியர் தங்கவும், சாமான் வைக்கவும், அலுவலகம் நடத்தவும் அவை கைக்கு எட்டிய இடங்களாக இருந்தன. இது ஒருவகையில் நல்லதாயிற்று. புழக்கத்தில் இருக்கும் கட்டடத்துக்குக் கூரை ஒழுகினால் யாராவது ஓடு மாற்றுவார்கள். புனிதமென்று பூட்டிவைத்த கட்டடத்தைக் கரையான் முதலில் கண்டுபிடிக்கும். பத்துப் பன்னிரண்டு புறக்கட்டடங்கள் அசலாகவே இன்றுவரை நிற்பதற்கு, அவற்றை யாரும் பெரிதாக மதிக்காமல் பயன்படுத்தி வந்ததும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காணாமல் போனவற்றை எழுப்பும் ஆசை பிறகு வந்தது. 1894-இலேயே வண்டிக்கொட்டகையை மறுபடி கட்டினார்கள். மற்றவை ஒவ்வொன்றாக இருபதாம் நூற்றாண்டில் எழுந்தன. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே கெடு: 1799. வாஷிங்டன் கண்மூடிய ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படி. அதற்குப் பின் வந்த மாற்றம் எதுவானாலும் அகற்றப்பட வேண்டும். மாளிகையின் முகமண்டபத்துக்கு மேல் வாரிசு காலத்தில் வைத்த கைப்பிடிச் சுவரைக்கூடப் பிறகு எடுத்துவிட்டார்கள்.

எளிமையான விதிதான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய விழுங்கல் இருக்கிறது. வாஷிங்டன் தம் உயிலில், தமக்குச் சொந்தமான அடிமைகளை மனைவி காலத்துக்குப் பின் விடுவிக்கச் சொன்னார். மார்த்தா முந்திக்கொண்டு 1801 ஜனவரி முதல் நாளே விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் சொத்துவழி வந்தவர்களை விடுவிக்கும் உரிமை இருவருக்குமே இல்லை; அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போனார்கள். இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் பார்ப்பவர் ஓரளவு நிம்மதியோடு வீடு திரும்பலாம். ஆனால் மவுண்ட் வெர்னனில் அடிமை முறை 1801-இல் முடியவில்லை. அடுத்த வாரிசான புஷ்ராட் வாஷிங்டன் உச்ச நீதிமன்ற நீதிபதி. தம் சொந்த அடிமைகளை அங்கே கொண்டுவந்தார். 1821-இல் 54 பேரை லூயிசியானாக்காரர்களுக்கு விற்றார். செய்தித்தாள்கள் அவரைச் சாடின, அவர் பதில் எழுதித் தம் உரிமையை நியாயப்படுத்தினார். 1860-க்குச் சற்று முன்புவரை அந்தக் கொல்லையில் அடிமைகள் உழைத்தார்கள். இந்த அறுபது ஆண்டு அடிமை வாழ்க்கையைக் காட்டும் கட்டடம் அந்தக் கொல்லையில் நிற்காததற்கு 1799 என்ற கெடுவும் ஒரு காரணம். எதை இடிப்பது என்பதும் பாதுகாப்பு முடிவுதான்.

பசுங்குடிலின் கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். எலுமிச்சையும் ஆரஞ்சும் குளிரில் வாடாமல் வளர்க்க வாஷிங்டன் 1780-களில் அதைக் கட்டினார். பால்டிமோரில் ஒரு பெண்மணியின் தோட்டத்தில் இருந்ததைப் பற்றிக் கடிதம் எழுதிக் கேட்டு, அளவெல்லாம் வாங்கி, 1787-இல் முடித்தார். தெற்குப் பார்த்த உயரமான சன்னல்கள். பின்புறம் ஓர் அடுப்பறை. அங்கே எரியும் விறகின் சூடு தரைக்கடியில் ஓடும் புகைக்குழாய் வழியாகச் செடிகளை எட்டும். சில ஆண்டுகள் கழித்து இருபுறமும் சிறகு விரித்ததுபோல் தாழ்ந்த செங்கல் கட்டடங்களைச் சேர்த்தார். நான்கு பெரிய அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 600 சதுர அடி. செங்கல் தரை, ஒரு கணப்பு, கண்ணாடி சன்னல்கள். மாளிகைப் பண்ணையில் வேலை செய்த அடிமைகளில் பலர் இவற்றில்தான் குடியிருந்தார்கள்.

1835 டிசம்பரில் தீப்பிடித்து எல்லாம் வெந்துபோயிற்று. மகளிர் சங்கம் வந்தபோது இருந்தது இடிபாடு மட்டுமே. ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, 1951-இல், அதை முழுதாக மறுபடி எழுப்பினார்கள். எந்த ஆதாரத்தில்? இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் வான் என்பவர் 1787-இல் பண்ணையின் தளவரைபடத்தை வரைந்து வாஷிங்டனுக்குப் பரிசளித்திருந்தார், அது ஒன்று. அதைவிடப் பயன்பட்டது 1803-ஆம் ஆண்டுத் தீ காப்பீட்டுப் பத்திரம். கட்டடத்தின் மதிப்பு, அளவு, கூரை எதனால் ஆனது என்றெல்லாம் குறித்து முகப்பைச் சிறு படமாகவும் போட்டிருந்தது. எரிந்தால் எவ்வளவு நட்டம் என்று கணக்கிட எழுதிய தாள், எரிந்த கட்டடத்தை மறுபடி கட்ட உதவியது. காப்பீட்டு நிறுவனத்தின் குமாஸ்தா தம்மையறியாமல் வரலாற்றாசிரியர்களுக்குச் செய்த உபகாரம் இது.

செங்கல் வந்த வழி இன்னும் விசித்திரம். அதே காலத்தில் ட்ரூமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது வெள்ளை மாளிகையின் உட்பகுதியை முழுக்கப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கழித்த பழைய செங்கற்கள் மவுண்ட் வெர்னனுக்கு வந்து பசுங்குடில் வேலையில் சேர்ந்தன. காலத்துக்குப் பொருந்திய செங்கல் என்பதால் கட்டடக்கலைஞர்களுக்கு மகிழ்ச்சி. வெள்ளை மாளிகையைக் கட்டியதிலும் அடிமைகளின் உழைப்பு இருந்தது என்பது ஆவணங்களில் உறுதியான செய்தி. 1951-இல் அதை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. அப்போதைய ஆர்வம் செடிகளின்மேலும் கட்டட அழகின்மேலும்தான் இருந்தது. சிறகு அறைகளை வெகுகாலம் வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தினார்கள். அடுக்குப் படுக்கைகள், தொங்கும் சட்டைகள், சமைத்த பாத்திரங்கள் என்று இன்று அங்கே பார்ப்பது, ஆவணங்களை மறுபடி படித்து நம் நூற்றாண்டில் அமைத்த காட்சி. கட்டடம் எழுந்தது ஒரு தலைமுறையில். அதில் குடியிருந்தவர்கள் உள்ளே வந்தது இன்னொரு தலைமுறையில்.

இந்தத் திருப்பத்துக்கு வழி செய்தது மண். பசுங்குடில் சிறகுகள் வருவதற்கு முன்பு, அடிமைகள் குடியிருந்தது 'குடும்பங்களின் வீடு' என்று குறிக்கப்பட்ட மரக்கட்டடத்தில். 1790-களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். 1980-களில் அதன் நிலவறைக் குழியைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். குழியைக் குப்பை போட்டுத் தூர்த்திருந்தார்கள். அந்தக் குப்பையில்தான் வாழ்க்கை இருந்தது. மீன் முள், காட்டு விலங்கு எலும்பு, ஈயக் குண்டு, துப்பாக்கியின் சிக்கிமுக்கிக் கல், மாளிகையில் பழசாகிக் கைமாறி வந்த பீங்கான் உடைசல், பொத்தான். படியளப்பாகக் கிடைத்த சோள மாவும் கருவாடும் போதாமல் அவர்கள் தாங்களே வேட்டையாடியும் மீன் பிடித்தும் சாப்பாட்டை நிரப்பிக்கொண்டார்கள் என்பது கணக்குப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. மவுண்ட் வெர்னனுக்கென்று நிரந்தரத் தொல்லியல் துறை 1987-இல் அமைந்தது. எருக்கொட்டகையின் கல்தளமும், 2009-இல் மறுபடி எழுந்த கொல்லன் பட்டறையும் இந்தத் தோண்டல்களின் பலன்களே.

மரக்கட்டடம் மண்ணில் என்ன விட்டுச்செல்லும் என்று கேட்கலாம். தூண் நட்ட குழி தூண் மக்கிய பிறகும் நிறம் வேறாகத் தெரியும். சுற்றியிருக்கும் களிமண் மஞ்சளாக இருக்க, குழி மட்டும் கறுத்த வட்டமாக நிற்கும். வட்டங்களைச் சேர்த்தால் சுவர்க்கோடு கிடைக்கும். ஆணி இன்னொரு சாட்சி. பட்டறையில் ஒவ்வொன்றாக அடித்த ஆணியின் தலை ஒரு மாதிரி. 1790-களுக்குப் பிறகு பரவிய, இயந்திரத்தில் வெட்டிய ஆணி வேறு மாதிரி. எந்த ஆணி எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தே கட்டடத்தின் வயதையும் பழுதுபார்த்த காலத்தையும் ஊகிப்பார்கள்.

பதினாறு பக்கச் சுவர்கள் கொண்ட தானியக் களஞ்சியத்துக்கு மண்ணைவிடத் தாளே கைகொடுத்தது. மாடு கட்டிப் போரடிப்பது நமக்குத் தெரிந்தது. வாஷிங்டன் குதிரை கட்டிப் போரடித்தார், அதுவும் மாடியில். வெட்டவெளியில் கோதுமைக் கதிரை மிதிக்கவைத்தால் மழை, மண், திருட்டு மூன்றும் தின்றுவிடுகின்றன என்பது அவருடைய குறை. 1792-இல், குடியரசுத் தலைவராக ஃபிலடெல்ஃபியாவில் இருந்துகொண்டே, ஏறக்குறைய வட்டமாகத் தெரியும் ஒரு களஞ்சியத்துக்குப் படம் வரைந்து அனுப்பினார். மேல்தளத்தில் குதிரைகள் சுற்றிச் சுற்றி ஓடும், பலகைகளுக்கு நடுவே விட்ட ஒன்றரை அங்குல இடைவெளி வழியாக மணி கீழே உதிரும், கீழ்த்தளத்தில் அள்ளிக்கொள்ளலாம். அடித்தளத்துக்கு 30,820 செங்கல் வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டார். கட்டியவர்கள் அவருடைய அடிமைத் தச்சர்கள். கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதிவரை நின்று பிறகு விழுந்தது. நல்லவேளையாக அதற்குள் யாரோ ஒரு புகைப்படம் எடுத்திருந்தார்கள். வரைபடம், செங்கல் கணக்கு, புகைப்படம் மூன்றையும் வைத்து 1996-இல் மறுபடி கட்டினார்கள். ஆனால் அசல் இடத்தில் அல்ல. அசல் இடம் பல கிலோமீட்டர் தள்ளி, விற்றுப்போன நிலத்தில் இருந்தது. புதியது மாளிகைக்குக் கீழே ஆற்றோரம், பார்வையாளர் நடந்துபோகும் தூரத்தில் நிற்கிறது.

மீண்டும் எழும் கட்டடங்களுக்கு ஆக மூன்று துணைகள் தேவைப்படுகின்றன: தாள், மண், பணம். மூன்றாவதைப் பற்றிப் பாதுகாவலர்கள் அடக்கியே பேசுவார்கள். வாஷிங்டனின் சாராய ஆலையைப் பாருங்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பண்ணை மேலாளரின் யோசனையில் 1797-இல் தொடங்கியது, ஐந்து வாலைகள், 1799-இல் கிட்டத்தட்ட 11,000 காலன் விஸ்கி வடித்தது. அன்றைய அமெரிக்காவில் மிகப் பெரிய சாராய ஆலைகளுள் அது ஒன்று. வடித்தவர்களில் ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமதி என்ற ஆறு அடிமைகள். 1814-இல் எரிந்தது. 1930-களில் வெர்ஜீனியா மாநில அரசு பக்கத்திலிருந்த மாவு ஆலையை மறுபடி கட்டியது. சாராய ஆலையின் அடித்தளமும் அப்போது தட்டுப்பட்டது, ஆனால் அதைக் கட்டவில்லை. மதுவிலக்கு அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. முதல் தலைவரின் பெயரால் அரசு சாராய ஆலை எழுப்பினால் எப்படியிருக்கும்! 2007-இல் அது எழுந்தது, அமெரிக்க மதுத் தொழில்துறை அமைப்பின் நிதியில். தங்கள் தொழிலுக்கு வாஷிங்டனைவிட நல்ல மூதாதை கிடைப்பாரா? இன்றும் அங்கே பழைய முறையில் சிறிதளவு விஸ்கி வடித்து விற்கிறார்கள். வேலை நேர்த்தியானது, தோண்டியெடுத்த ஆதாரமும் வலுவானது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடிமைக் குடிசைக்கு நிதி தர ஒரு தொழில்துறை கிடையாது.

குடிசை என்றதும் உண்மையான இடைவெளி தெரிகிறது. 1799-இல் வாஷிங்டன் எடுத்த பட்டியல்படி மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். மாளிகைப் பண்ணையில் இருந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் தள்ளியிருந்த நான்கு பண்ணைகளில், வயலோரக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். திருமணமானவர்கள் 96 பேர். தம் துணையோடு ஒரே வீட்டில் வாழக் கொடுத்துவைத்தவர்கள் 36 பேர்தாம். மற்றவர்கள் வேலை முடிந்த சனிக்கிழமை இரவில் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோய்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 1798-இல் வந்த போலந்து நாட்டுக் கவிஞர் நியெம்சேவிச் ஒரு குடிசைக்குள் நுழைந்து பார்த்தார். எங்கள் நாட்டு ஏழைக் குடியானவன் வீட்டைவிடக் கேவலமானது என்று எழுதினார். கணவனும் மனைவியும் மோசமான ஒரு பாயில், பிள்ளைகள் தரையில், ஒரு மட்டமான அடுப்பு; அவற்றுக்கு நடுவே சில கிண்ணங்களும் ஒரு தேநீர்க் கெண்டியும் என்று அவர் கண்ணில் பட்டதைக் குறித்துவைத்தார். அந்தத் தேநீர்க் கெண்டி எப்படி அங்கே வந்தது என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

இந்தக் குடிசைகளுக்குக் காப்பீடு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எரிந்தால் ஒரே வாரத்தில் இன்னொன்று போட்டுவிடலாம். ஆகவே அளவு எழுதிய தாள் கிடையாது, சித்திரம் கிடையாது. மரக்கட்டையால் அடுக்கிய சுவர், மண் பூசிய இடுக்கு, மரத்தாலேயே ஆன புகைபோக்கி. செங்கல் அடித்தளம் இல்லாததால் மண்ணிலும் தடம் குறைவு. அந்தப் பண்ணை நிலங்களும் விற்றுப்போய், பின்னாளில் தலைநகரின் புறநகராகி, பெரும்பகுதியில் வீடுகள் வந்துவிட்டன. இப்போது எஸ்டேட்டிடம் இருப்பது சுமார் 500 ஏக்கர். 2007-இல் ஒரு மாதிரிக் குடிசையைக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் கட்டினார்கள்; மவுண்ட் வெர்னன் வட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எடுத்த ஒரு பழைய குடிசையின் புகைப்படம் அதற்கு வழிகாட்டி. ஓர் அறை, மண் தரை. அந்தக் குடிசைக்குள் நிற்பவருக்கும் செங்கல் சிறகு அறையில் நிற்பவருக்கும் கிடைக்கும் எண்ணம் ஒன்றல்ல. செங்கல் அறை விருந்தினர் தோட்டத்தில் உலாவும்போது கண்ணுக்கு உறுத்தாதபடி கட்டியது. அது நிலைத்ததும் திரும்ப எழுந்ததும் அதனால்தான். பெரும்பாலானவர்களின் வாழ்க்கையை அதை வைத்து அளந்தால் கணக்குத் தவறும்.

மவுண்ட் வெர்னன் மட்டும் இப்படி அல்ல. மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில், மாளிகைக்குத் தெற்கே முசுக்கட்டை மரங்கள் வரிசையாக நின்ற ஒரு சாலை. அதன் ஓரம் ஆணிப்பட்டறை, தச்சுக்கூடம், குடியிருப்புகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் வெவ்வேறு காலத்தில் இருந்தன. ஆணி அடித்தவர்களில் பத்து முதல் பதினாறு வயதுச் சிறுவர்கள் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த இடத்தைப் பார்வையாளர்கள் வெறும் நடைபாதையாகவே கடந்துபோனார்கள். 2015-இல்தான் ஒரு குடிசையையும் ஒரு பண்டகசாலையையும் மறுபடி கட்டினார்கள். இன்னும் குத்தலான செய்தி தெற்குச் சிறகில் இருக்கிறது. ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் சிறிய அறையின் இடத்தில் 1941-இல் பார்வையாளர் கழிப்பறையைக் கட்டியிருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அதை அகற்றியபோது, அடியில் அசல் செங்கல் தரையும் அடுப்பும் கிடந்தன. 2018-இல் அந்த அறை அவருக்கான கண்காட்சியாகத் திறந்தது. 1941-இல் அந்த முடிவை எடுத்தவர்கள் வரலாற்றை வெறுத்தவர்கள் அல்லர். ஜெஃபர்சன்மேல் பக்தி கொண்டவர்கள். கூட்டம் வருகிறது, கழிப்பறை வேண்டும், மாளிகையில் கைவைக்க முடியாது, கொல்லையில் இடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு வேல்ஸ் நாட்டில் ரெக்ஸ்ஹாம் அருகே உள்ள எர்டிக் மாளிகையைச் சொல்லலாம். அடியில் நிலக்கரி தோண்டியதால் மாளிகை ஐந்தடி அளவு அமிழ்ந்துபோயிற்று. 1973-இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் பொறுப்பேற்று 1977-இல் திறந்தபோது, பார்வையாளர் வரும் பாதையையே மாற்றியது. முன்வாசல் வழியாக அல்ல; தச்சுக்கூடம், பட்டறை, லாயம், சலவைக்கூடம், சமையற்கட்டு என்று வேலைக்காரர்கள் புழங்கிய வழியாகப் போய்த்தான் எசமானர்களின் அறைகளை அடையவேண்டும். எந்தக் கட்டடத்தையும் புதிதாகக் கட்டாமல், நடக்கும் வரிசையை மாற்றியதாலேயே சொல்லும் கதை மாறிவிட்டது. அங்கே கூலி வாங்கிய வேலைக்காரர்கள்; வெர்ஜீனியாவில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். அந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் பாதையைத் திருப்பும் உத்தி எங்கும் பொருந்தும், செலவும் குறைவு.

மறுகட்டுமானத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் பாதுகாவலர்கள் உண்டு. அசல் அல்லாததை அசல் போலக் காட்டுவது பார்வையாளரை ஏமாற்றுவது என்பார்கள். அவர்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது: 1951-இன் பசுங்குடிலைப் பார்க்கும் பலர் அது வாஷிங்டன் காலத்துச் சுவர் என்றே எண்ணிப் போகிறார்கள். ஆனால் இருப்பதை மட்டுமே காட்டுவோம் என்று பிடிவாதமாக நின்றால், உறுதியாகக் கட்டிக்கொள்ள வசதி இருந்தவர்களின் வரலாறு மட்டும்தான் மிஞ்சும். மக்கிப்போகும் மரத்தில் வாழ்ந்தவர்கள் இரண்டாவது முறையும் மறைந்துபோவார்கள். இந்த வழக்கில் நான் மறுகட்டுமானத்தின் பக்கம். எது ஊகம், எதற்கு ஆதாரம் என்று வாசலிலேயே எழுதிவைத்தால் போதும். 2010-இல் ஜோசப் மெக்கில் என்ற பாதுகாவலர் தென்கரோலைனாவில் தொடங்கிய இயக்கம் இன்னொரு கோணம் காட்டியது. நிற்கிற அடிமைக் குடியிருப்புகளில் ஓர் இரவு படுத்து எழுவது, அவ்வளவே அதன் வேலை. கோழிக்கூண்டாகவும் சாமான் அறையாகவும் கிடந்த பல கட்டடங்களின் மேல் அதனால் உரிமையாளர்களின் பார்வை திரும்பியது.

மவுண்ட் வெர்னனில் இப்போது நடக்கும் வேலைகளில் என் கவனத்தை ஈர்ப்பது கட்டடமே இல்லாத ஒன்று. வாஷிங்டன் கல்லறைக்கு அருகே மரங்களுக்கு நடுவே அடிமைகளின் இடுகாடு இருக்கிறது. 1929-இல் சங்கம் அங்கே ஒரு கல் வைத்தது. 1983-இல் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்களின் வடிவமைப்பில் நினைவிடம் எழுந்தது. 2014 முதல் தொல்லியலாளர்கள் மேல் மண்ணை மட்டும் அகற்றிக் குழிகளின் எல்லையைக் குறித்து வருகிறார்கள். எலும்பைத் தொடுவதில்லை. அங்கே புதைக்கப்பட்டவர்களில் புஷ்ராட் காலத்தவரும் இருக்கக்கூடும். மண்ணுக்கு 1799 என்ற கெடு கிடையாது. என்னைக் கேட்டால் அடுத்த பெரிய நன்கொடையை இன்னொரு பட்டறைக்கோ களஞ்சியத்துக்கோ தரவேண்டாம் என்பேன். வடக்குச் சந்தில் ஏற்கெனவே நிற்கும் அசல் கட்டடம் ஒன்றை எடுத்து, அதன் உள்ளே 1802 முதல் 1860 வரையிலான வாழ்க்கையைக் காட்டட்டும். 1821-இல் விற்கப்பட்ட 54 பேரிலிருந்து தொடங்கலாம். அதற்குச் செங்கல்கூடத் தேவையில்லை.